ஜீப்புக்குள் சூடு எந்த வழியால் வருகிறது?

மணற்காட்டுப் பக்கம் ஜீப்பில் போய் வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தார் வீதியில் ஓடும்வரை சமாளித்துவிடலாம். சவுக்கம் தோப்பைத் தாண்டி, நாலு சில்லும் இழுக்கும்படி கியரை மாற்றி மணலுக்குள் இறக்கியதும்தான் தொடங்கும். முதலில் இடது பாதத்தில் ஒரு வெதுவெதுப்பு. பத்து நிமிடத்தில் செருப்பின் அடி இளகியதுபோல இருக்கும். கியர் தடியின் அடியிலிருந்து எண்ணெய் மணத்தோடு சுடுகாற்று கிளம்பி முழங்காலில் அடிக்கும். யன்னல் எல்லாம் திறந்துதான் கிடக்கும். ஆனாலும் உள்ளே இருப்பவர் அவிந்துபோவார்.

யாழ்ப்பாணத்து வெயில் அப்படித்தானே என்று சொல்லி விட்டுவிடுகிறோம். வெயிலுக்கும் பங்கு உண்டுதான். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகலில் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது. ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை வந்து நிற்கிறது. வானம் தெளிவாக இருந்தால் அப்போது ஒரு சதுர மீற்றர் கூரையில் ஏறத்தாழ 1000 வாற்று விழும். ஆனால் பாதத்தைச் சுடுவதற்கு அந்தச் சூரியனைக் குற்றம் சொல்ல முடியாது. அது வேறு அடுப்பு.

டீசலை எரித்தால் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை இழுக்கிறது. இன்னொரு பங்கு சைலென்சர் குழாய் வழியாகப் புகையோடு போகிறது. மிச்சம் றேடியேற்றர் தண்ணீரிலும் எண்ணெயிலும் இரும்பிலும் ஏறி, அங்கிருந்து காற்றுக்குப் போகிறது. தார் வீதியில் மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும்போது எதிர்க்காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். மணலில் எஞ்சின் அதே அளவு, சில வேளை அதைவிடக் கூட உழைக்கும். வண்டியோ மாட்டு வண்டி வேகத்தில் ஊரும். சூடு குறையவில்லை, அள்ளிப் போகக் காற்றும் இல்லை. அதனால்தான் காட்டுப் பாதையில் மட்டும் இந்தத் தொல்லை.

நான் முதலில் செய்தது, நிலத்தில் தடித்த றப்பர் விரிப்புப் போட்டது. அதற்கு மேல் இன்னொன்று. பிறகு, ஒரு பக்கம் பளபளக்கும் தாள் ஒட்டிய கறுப்புப் பசை விரிப்பை வாங்கி ஒட்டினேன். அது தகடு அதிர்வதைக் குறைப்பதற்காகச் செய்தது. இரைச்சல் குறைந்தது, சூடு குறையவில்லை. கடைசியில் நெல்லியடியில் ஒரு கராச்சுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த வயதான மெக்கானிக் விரிப்பைக் கிளப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மேலால மூடிப் பிரயோசனம் இல்லை. கீழ படுத்துப் பாருங்கோ, அந்தக் குழாய்க்கும் தட்டுக்கும் இடையில எவ்வளவு இடம் கிடக்கு எண்டு."

படுத்துப் பார்த்தேன். என் ஆசனத்துக்கு நேர் கீழே, நாலு விரற்கடை இடைவெளியில், துருவேறிய கபில நிறச் சைலென்சர் குழாய் ஓடியது. எதுவும் எதையும் தொடவில்லை. அப்படியானால் சூடு எப்படித் தாவுகிறது?

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வெப்பம் மூன்று வழிகளில் போகும்: தொடுகையால் கடத்தல், காற்றோ நீரோ சுமந்து போகும் மேற்காவுகை, கதிர்ப்பு. கதிர்ப்புக்குத் தொடுகையும் வேண்டாம், காற்றும் வேண்டாம். தனிவெப்பநிலையின் (−273 பாகை செல்சியஸைப் பூச்சியமாக வைத்து எண்ணும் வெப்பநிலையின்) நாலாம் அடுக்குக்கு ஏற்ப அது கூடும். மணலில் உழைக்கும் வண்டியின் குழாய் 300 பாகை செல்சியஸில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துருவேறிய இரும்பு நல்ல கதிர்வீசி. அந்தச் சூட்டில் ஒரு சதுர மீற்றருக்கு 5000 வாற்றுக்குக் கிட்ட வீசும். நண்பகல் வெயிலைப்போல ஐந்து மடங்கு! இரண்டு அங்குலக் குழாயில் ஒரு மீற்றர் நீளத்தை எடுத்தால்கூட 700, 800 வாற்று வருகிறது. அதில் பாதி மேலே பார்த்த பக்கம். ஆசனத்துக்குக் கீழே துணி அழுத்தும் மின்னழுத்தி ஒன்றை மேல்நோக்கி வைத்துக்கொண்டு ஓடுவதற்குச் சமம் அது.

இதை நிறுத்துவது மிக எளிது. குழாய்க்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு பளபளப்பான அலுமினியத் தகடு. மினுங்கும் அலுமினியம் தன்மேல் விழும் கதிர்ப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். தானும் மிகக் குறைவாகவே வீசும். தகடு 100 பாகைக்குச் சூடேறினாலும் மேலே அனுப்புவது சதுர மீற்றருக்கு நூறு வாற்று அளவுதான். 5000 எங்கே, 100 எங்கே!

ஆனால் ஒரு நிபந்தனை. தகட்டின் இரண்டு பக்கமும் காற்று இருக்க வேண்டும். நிறையப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். தகட்டை நிலத்தட்டோடு ஒட்டிவிட்டால் அது வாங்கும் சூடு நேரே தட்டுக்குக் கடந்துவிடும். அலுமினியம் இரும்பைவிட நாலு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அசையாத காற்று கடத்துவதோ இரும்பைப்போல ஏறத்தாழ 2000இல் ஒரு பங்கு. ஒரு விரல் இடைவெளி விட்டுப் பொருத்தினால் அந்த இடைவெளிதான் பெரிய வேலையைச் செய்கிறது. ஓடும்போது அதற்குள் காற்று புகுந்து தகட்டையும் ஆற்றிவிடும். தகரக் கூரைக்கு மேல் கிடுகு வேய்கிற எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. வெயிலைக் கிடுகு வாங்குகிறது, கிடுகுக்கும் தகரத்துக்கும் இடையில் காற்று நடமாடுகிறது, வீடு குளிர்கிறது. லாண்ட் றோவரின் பழைய சீரிஸ் ஜீப்புகளுக்கு வெப்ப நாடுகளுக்கென்று இரட்டைக் கூரை கொடுத்தார்கள்; கூரைக்கு மேல் சிறு இடைவெளி விட்டு இன்னொரு தகடு. அதுவும் இதே கிடுகு வேலைதான். இரட்டைக் கூரை கிடைக்காவிட்டால் கூரைக்கு வெள்ளை அடியுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

சரி, கதிர்ப்பு நின்றது. முழங்காலில் அடிக்கும் சுடுகாற்று?

அது ஓட்டைகளால் வருகிறது. எஞ்சினுக்கும் எங்களுக்கும் நடுவில் நிற்கும் தடுப்புத் தகட்டில் கிளச் தடி, பிறேக் தடி, அக்சிலறேற்றர் கேபிள், வயர்க் கட்டு என்று எத்தனையோ துளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு காலத்தில் றப்பர் வளையம் இருந்திருக்கும். வெடித்து விழுந்து பல வருடம் ஆகியிருக்கும். கியர் தடியின் அடி உறையும் அப்படியே. பின்னால் படங்கைத் திறந்துவிட்டு ஓடும்போது வண்டிக்குள் காற்றமுக்கம் குறைகிறது. பொனெற்றுக்குக் கீழே அமுக்கம் கூட. அப்புறம் என்ன, ஒவ்வொரு துளையும் ஒரு சுடுகாற்றுக் குழல். காற்றுக்காகப் பின்பக்கத்தைத் திறக்கிறோம், அதுவே சூட்டை உறிஞ்சி எடுக்கிறது. சைலென்சர் இணைப்பில் கசிவு இருந்தால் நஞ்சான காபனோரொட்சைட்டும் அதே வழியால் உள்ளே வரும். அதற்கு மணம் கிடையாது. தலையிடியும் மயக்கமும்தான் அறிகுறி. இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

துளை எங்கே என்று தேட, இரவில் பொனெற்றைத் திறந்து உள்ளே ஒரு ரோச் லைற்றை எரியவிட்டு, ஆசனத்தில் குனிந்திருந்து பாருங்கள். என் வண்டியில் வானத்து நட்சத்திரம்போலப் பதினொரு புள்ளிகள் தெரிந்தன. றப்பர் வளையம் போட்டும், சூடு தாங்கும் சிலிக்கன் பூசியும் எல்லாவற்றையும் அடைத்தேன். அதன் பிறகு, முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுக் கதவைத் திறந்து ஓடினால் வெளிக்காற்று உள்ளே நிறைந்து அமுக்கம் கூடுகிறது. சுடுகாற்று வர இடமில்லை. பழைய ஜீப்புகளில் அந்தக் கதவுகளை வைத்தவர்கள் விளங்கித்தான் வைத்தார்கள்.

பொனெற்றின் பின்விளிம்பை வொஷர் வைத்து உயர்த்தும் பழக்கம் ஒன்று உண்டு. வண்டி நிற்கும்போதும் ஊரும்போதும் அதனால் சூடு மேலே போகும். வேகம் எடுத்ததும் கதை மாறும். முன்கண்ணாடியின் அடியில் காற்று மோதித் தேங்குவதால் அங்கே அமுக்கம் கூட. காற்று வெளியே வராமல் உள்ளே போகும். வேகம் குறைந்து நிற்கும்போதோ அந்த விளிம்பால் கிளம்பும் சுடுகாற்றை, பக்கத்திலுள்ள காற்றுக் கதவே வாங்கி உள்ளே தள்ளும். என் வண்டிக்கு நான் அதைச் செய்யவில்லை.

யப்பானிலிருந்து வந்த வண்டி என்றால் முதலில் ஹீற்றரைப் பாருங்கள். குளிர் நாட்டுக்காக டாஷ்போட்டுக்குள் ஒரு சின்ன றேடியேற்றர் வைத்திருப்பார்கள். அதன் வால்வு இறுகிப்போய்ப் பாதி திறந்து நின்றால் 90 பாகைத் தண்ணீர் நாள் முழுவதும் உங்கள் முழங்காலுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். ஏசி போட்டால் இரண்டும் சண்டை பிடிக்கும், டீசல்தான் தீரும். வால்வை மாற்றலாம், அல்லது போகும் குழாயையும் வரும் குழாயையும் எஞ்சின் பக்கத்திலேயே ஒன்றோடொன்று இணைத்துவிடலாம். சில எஞ்சின்களுக்கு அந்த ஓட்டம் தேவை என்பதால் வெறுமனே அடைத்துவிடக் கூடாது.

இவ்வளவும் செய்தபிறகுதான் விரிப்பு. கடலும் கடலேரியும் சூழ்ந்த ஊர் இது. தண்ணீர் உறிஞ்சும் பஞ்சையோ சணலையோ விரித்தால் உப்புத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு தட்டை ஒரு மாரிக்குள் தின்றுவிடும். தண்ணீர் ஏறாத, மூடிய குமிழ்களுள்ள போம் விரிப்பே சரி. அலுமினியத் தகட்டைப் பூட்டும் இடத்திலும் கவனம் வேண்டும். அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரிக்கும். சூடு தாங்கும், உலோகமல்லாத வொஷர் ஒன்றை நடுவில் வையுங்கள்.

தகடு பூட்டிய வண்டியை மறுபடி மணற்காட்டுக்குக் கொண்டுபோனேன். அதே மணல், அதே நண்பகல். திரும்பி வந்து விரிப்பைக் கிளப்பி உள்ளங்கையைத் தட்டில் வைத்தேன். எடுக்காமல் வைத்திருக்க முடிந்தது. பிறகு கீழே படுத்துப் பார்த்தபோது தகட்டுக்கும் குழாய்க்கும் இடையில் ஒரு பிடி காய்ந்த சவுக்கம் ஊசிகள் செருகிக் கிடந்தன, நுனி கருகியிருந்தது. இப்போது ஒவ்வொரு பயணமும் முடிந்து குழாய் ஆறியதும் ஓர் ஈர்க்கைக் கொண்டு அந்த இடைவெளியைத் துப்புரவாக்கி, தகட்டில் அப்பிய சேற்றையும் கழுவிவிடுகிறேன். சேறு படிந்தால் அலுமினியத்தின் மினுக்கமும் போய்விடும்.