இரண்டாவது டிஎன்எஸ் ஸ்பேர் டயர் இல்லை, அண்ணே!

இரண்டாவது டிஎன்எஸ் (பெயரைச் சொன்னால் அதன் முகவரி எண்ணைத் தரும் சர்வர்) போட்டு மாட்டிக்கொண்டதில், இந்த மாசத்தில் இது நாலாவது வீடு. சுங்கை சிப்புட்டில் இடி இறங்கினால் மறுநாள் என் போன் ஓயாது. மோடம் போச்சு, ரவுட்டர் போச்சு என்பார்கள். அது என் பிழைப்பு, குறை சொல்லவில்லை. ஆனால் நேற்றுப் போன வீட்டில் எதுவுமே கெட்டுப்போகவில்லை.

“கேமரா காலையில வருது தம்பி, மத்தியானம் வரல. லைன் கோளாறுதான்” என்றார் ஐயா. செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். லைன்காரர்களுக்கு மூன்று தடவை புகார் கொடுத்தாயிற்றாம்.

ரெக்கார்டர் மாட்டிய சுவரில் மார்க்கரில் கேமராவின் முகவரி எண் 192.168.1.64 என்று எழுதி அடித்திருந்தது. அதன் கீழே 1.107, அதுவும் அடித்தல். கடைசியாக மகனின் கையெழுத்தில் ‘கேமரா டாட் ஹோம் டாட் ஆர்ப்பா’. பையன் கெட்டிக்காரன். அதில் ‘ஹோம் டாட் ஆர்ப்பா’ என்பது வீட்டுக்குள் புழங்கவென்றே 2018இல் ஒதுக்கிய பெயர். ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் பை-ஹோல் என்ற டிஎன்எஸ் மென்பொருளைப் போட்டு, பெயர்களைப் பதிந்து, ரவுட்டரில் முகவரிகளையும் நிலையாக ஒதுக்கியிருந்தான். எல்லாம் சரி. கடைசியில் ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் (கருவிகளுக்கு முகவரியும் டிஎன்எஸ்ஸும் கொடுக்கும் இடம்) இரண்டாவது டிஎன்எஸ் கட்டம் காலியாக இருக்கிறதே என்று கூகுளின் 8.8.8.8 போட்டுவிட்டான். ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கட்டுமே!

அங்கேதான் வினை. முதலாவது செத்தால்தான் இரண்டாவதைக் கேட்கும் என்று யார் சொன்னது? சில கருவிகள் இரண்டையும் ஒன்றாகவே கேட்கும். சில, முதலாவது கொஞ்சம் தாமதித்தாலே அடுத்ததற்குத் தாவி, அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கூகுளின் சர்வருக்கு உங்கள் வீட்டுக் கேமராவைத் தெரியுமா? “அப்படி ஒரு பெயரே இல்லை” என்று சொல்லும். இல்லை என்பதும் முழுப் பதில்தான். கருவி அதை நம்பிக்கொண்டு, ராஸ்பெரி பையிடம் திரும்பிப் போய்க் கேட்காது. கேட்ட ஆளிடமிருந்து பதிலே வராவிட்டால்தான் அடுத்த ஆளைத் தேடும். ஆக, காலையில் பையிடம் கேட்டது, மத்தியானம் கூகுளிடம் கேட்டது. லைன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

8.8.8.8ஐ எடுத்தேன், வைஃபையை அணைத்துப் போட்டேன், படம் வந்தது. ஐந்து நிமிட வேலை. ஐயா நம்பாமல் பத்து நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாற்று வேண்டும் என்றால் அதே பெயர்களைப் பதிந்த இன்னொரு பெட்டி வையுங்கள். இல்லையேல் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். காலியாக விட்டாலும் சில ரவுட்டர்கள் தன் முகவரியையே அங்கே சொருகிவிடும். ஐபிவி6 என்ற புதுவகை முகவரி முறை வழியாகவும் ஒரு டிஎன்எஸ்ஸை ஓசையில்லாமல் கொடுக்கும். எனக்கே ஒருமுறை அரை நாள் போனது இதில்தான். ஆண்ட்ராய்டு போனில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற இடத்தில் யாராவது வெளிச் சர்வரின் பெயரைப் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

பெயர் வைப்பதிலும் விளையாடாதீர்கள். டாட் லோக்கல் வேண்டாம். அது பிரிண்டர் போன்றவை டிஎன்எஸ் சர்வரே இல்லாமல் தங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்ளும் எம்டிஎன்எஸ்ஸுக்கு உரியது. டாட் டெவ் கூகுளுடையது, பிரவுசர் எச்டிடிபிஎஸ் இல்லாமல் திறக்கவே திறக்காது. நீளம் பிடிக்காதவர்களுக்கு டாட் இன்டர்னல் இருக்கிறது, 2024இல் இணையப் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பு ஒதுக்கியது. இன்னொரு வீட்டில் கடைப் பெயரோடு டாட் காம் சேர்த்து வைத்திருந்தார்கள், காசு கட்டி வாங்காமலே! போன் வெளியே போனதும் அந்தப் பெயர் யாருடைய சர்வரைக் காட்டுமோ, உங்கள் பாஸ்வேர்டு அங்கேதான் போகும்.

வெளியிலிருந்து கேமரா பார்க்க வேண்டுமா? வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குப் பூட்டிய வழி போடும் விபிஎன் போடுங்கள். ரவுட்டரில் டிஎன்எஸ்ஸின் வாசலான 53ஆம் போர்ட்டை வெளியே திறந்தீர்களானால், ஊர் பேர் தெரியாதவன் அடுத்தவன் சர்வரைத் தாக்க உங்கள் ராஸ்பெரி பையைப் பயன்படுத்துவான். தயவுசெய்து என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே அதை மூடிவிடுங்கள்.

இன்னொன்று. ரவுட்டர் நன்றாக ஓடும்போதே அந்த டிஎச்சிபி பக்கத்தைப் போனில் படம் பிடித்து வையுங்கள். இடி விழுந்த பிறகு கேட்டால் என்னிடம் இருக்காது.