லித்தியம் தோண்டினால் மட்டும் பேட்டரி வந்துவிடாது

2023 பிப்ரவரியில் ஜம்முவின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியம் தாது இருப்பதாக அறிவித்ததிலிருந்து, இனி பேட்டரிக்கு நாம் யாரிடமும் போய் நிற்க வேண்டாம் என்று பலரும் நம்புகிறார்கள். அது முதற்கட்ட மதிப்பீடு, அதுவும் தாதுவின் எடை, லித்தியத்தின் எடை அல்ல. நிஜமான சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. உலகிலேயே அதிக லித்தியம் தோண்டும் ஆஸ்திரேலியாகூட தாதுவில் பெரும்பகுதியைச் சீனாவுக்குத்தான் அனுப்புகிறது, ஏனென்றால் ஸ்போடுமீன் என்ற அந்தப் பாறையை 1,000 டிகிரிக்கு மேல் சுட்டு, கந்தக அமிலத்தோடு வறுத்து, நீரில் கரைத்து வடிகட்டி, 99.5 சதவீதத் தூய்மையுள்ள லித்தியம் உப்பாக்கும் ஆலைகள் அங்கேதான் குவிந்திருக்கின்றன.

சரி, லித்தியம் மட்டும் போதுமா? மின்வண்டி பேட்டரியில் லித்தியத்தைவிடப் பல மடங்கு எடைக்கு கிராஃபைட் இருக்கும். அது நம்மிடமே இருக்கிறது. கொடைக்கானலிலிருந்து இறங்கி மதுரையைத் தாண்டினால் வரும் சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனத்தின் கிராஃபைட் சுரங்கம், அதே மாவட்டத்துக் காரைக்குடியில் 1953 முதல் பேட்டரி ஆராய்ச்சியும் செய்யும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம். ஆனால் சுரங்கத்துச் செதில்களை அப்படியே செல்லில் வைக்க முடியாது. நுண்ணிய உருண்டைகளாக்கி, இன்னும் சுத்தம் செய்து, மேலே கரிப்பூச்சு கொடுக்க வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது கடைசிப் படியான மறுசுழற்சி. தீர்ந்த பேட்டரியில் மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, காற்றுப்படாமல் அரைத்து, செம்பையும் அலுமினியத்தையும் பிரித்தால் கரிய தூள் ஒன்று மிஞ்சும். அதைக் கந்தக அமிலத்திலும் ஹைட்ரஜன் பெராக்சைடிலும் ஊறவைத்தால் கிராஃபைட் கரையாமல் நிற்கும், உலோகங்கள் கரைந்துவிடும், அப்புறம் மாங்கனீசு, கோபால்ட், நிக்கல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து முடிவில் சலவைச் சோடாவை (சோடியம் கார்பனேட்) சேர்த்தால் லித்தியம் கார்பனேட்டாகப் படியும். உலையில் உருக்கும் முறையில் கோபால்ட்டும் நிக்கலும் எளிதாகக் கிடைக்கும், லித்தியமோ கசடோடு போய்விடும். அதனால் அமில வழியே நமக்குத் தேவை என்று நினைக்கிறேன், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும்.

ஆலை எதுவானாலும் பேட்டரி அங்கே போய்ச் சேர வேண்டுமே! குப்பை வண்டியில் நசுங்கிய செல்லில் நடுவிலிருக்கும் மெல்லிய பிரிப்புத் தாள் கிழிந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். உள்ளிருக்கும் லித்தியம் உப்பு ஈரம் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சுவாயுவை விடும், நம் கொடைக்கானல் மலையில் ஈரத்துக்கா பஞ்சம். 2001-ல் இங்கிருந்த தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் ஒட்டிய உடைந்த தெர்மாமீட்டர்கள் காயலான் கடையில் கிடந்ததைப் பார்த்த ஊர் கொடைக்கானல், அந்த ஆலையின் பாதரசம் மண்ணிலும் கலந்தது. 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு, வீட்டுக் குப்பையில் கலக்காமல் கொடுக்கும் கடமை நமக்கும் உண்டு. முனைகளில் டேப் ஒட்டிக் கொடுங்கள், உப்பிய பேட்டரியைக் குத்திப் பார்க்காதீர்கள். பெருமாள்மலை போன்ற இடங்களில் மணல் நிரப்பிய டிரம் ஒன்றும், மாதம் ஒருமுறை கீழே போகும் வண்டி ஒன்றும் ஏற்பாடு செய்ய நகராட்சியிடமும் ஊராட்சிகளிடமும் நாம் கேட்கலாம்.