கியர்பாக்ஸை இறக்கும் முன் இந்த இரண்டு ஆர்பிஎம்மைப் பாருங்கள்

ஆட்டோமேட்டிக் வண்டியில் என்ஜின் விளக்கு எரிகிறது. பழுதுக் கோடுகளைப் படிக்கும் மலிவான ஓபிடி ஸ்கேனரைச் செருகினால் பி0700 என்று ஒரே ஒரு கோட். உடனே, "கியர்பாக்ஸ் போச்சு, இறக்கணும்" என்கிறார்கள். பழுது எது என்று அந்தக் கோட் சொல்லவே இல்லை. டிரான்ஸ்மிஷன் கம்ப்யூட்டர் ஏதோ பதிந்து வைத்திருக்கிறது, அங்கே போய்ப் பார் என்று என்ஜின் கம்ப்யூட்டர் கைகாட்டுகிறது, அவ்வளவுதான். டிரான்ஸ்மிஷன் கம்ப்யூட்டருக்குள் நுழையும் ஸ்கேனர் இல்லாமல் இந்த வேலையைத் தொடக் கூடாது.

உள்ளே போனதும் எதையும் அழிக்காதீர்கள். கோட் விழுந்த நேரத்தில் எண்ணெய்ச் சூடு, வேகம், கியர் என்ன என்பதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அழித்தால் அது திரும்பக் கிடைக்காது. பேட்டரி இறங்கியிருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். வோல்டேஜ் குறைந்தாலே பொய்க் கோடுகள் வரும்.

சொலினாய்டு (எண்ணெய் வழியைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு) சர்க்யூட் கோட் என்றால் ஒயர், கனெக்டர், சொலினாய்டின் ஓம்ஸ் என்று மீட்டரோடு போக வேண்டும். பி0731 முதல் பி0735 வரை வேறு ரகம். உள்ளே வரும் சுற்றை வெளியே போகும் சுற்றால் வகுத்து, அந்தக் கியருக்குரிய விகிதம் வரவில்லை என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்திருக்கிறது. அதே கணக்கை நாமும் போடலாம்.

பல பிஎம்டபிள்யூக்களில் உள்ள இசட்எஃப் 6ஹெச்பி26-ஐ எடுத்துக்கொள்வோம். அதில் 3-ஆம் கியர் விகிதம் 1.52. ஓட்டும்போது ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் அவுட்புட் (வெளியே போகும் சுற்று) 1000 ஆர்பிஎம் என்றால் டர்பைன் (உள்ளே வரும் சுற்று) 1520 காட்ட வேண்டும். 1900 காட்டினால் 380 ஆர்பிஎம் வழுக்குகிறது. அவுட்புட் எண் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து, ஏபிஎஸ் காட்டும் வேகம் மட்டும் மாறாமல் இருந்தால் அது சென்சார் அல்லது அதன் சிக்னல் கோளாறு; கிளட்ச்சைத் தேடிப் போக வேண்டாம்.

எந்தெந்தக் கியரில் வழுக்குகிறது என்று குறித்தால் குற்றவாளி தானே வெளியே வரும். இந்தக் கியர்பாக்ஸுக்குள் ஏ, பி, சி, டி, ஈ என்று கிளட்ச்கள் உண்டு. 1, 2, 3, 4 ஆகிய கியர்களுக்கு ஏ கிளட்ச். 4, 5, 6-க்கு ஈ. 3, 5, ரிவர்ஸுக்கு பி. 2, 6-க்கு சி. 1, ரிவர்ஸுக்கு டி. 3, 5, ரிவர்ஸ் மூன்றும் வழுக்கி மற்றவை பிடித்தால் பி கிளட்ச், அல்லது அதற்குப் பிரஷர் போகும் வழி. எல்லாக் கியரும் வழுக்கினால் எண்ணெய் மட்டத்தையும் பம்ப் பிரஷரையும் முதலில் சந்தேகப்படுங்கள். இதில் மெக்கட்ரானிக் (கியர்பாக்ஸுக்குள் வால்வுகளும் கம்ப்யூட்டரும் சேர்ந்த பகுதி) கனெக்டரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் ஸ்லீவின் சீல் கசிவது அடிக்கடி பார்க்கும் கோளாறு. சின்ன பாகம்தான், அதைக் கவனிக்காமல் விட்டால் எண்ணெய் குறைந்து கிளட்ச் தகடுகளே கருகும்.

மட்டம் பார்க்க டிப்ஸ்டிக் கிடையாது. வண்டியைச் சமமாகத் தூக்கி, என்ஜின் ஓட, லீவரை எல்லா நிலைக்கும் மாற்றி, ஸ்கேனரில் எண்ணெய்ச் சூடு 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது ஃபில் பிளக்கைத் திறக்க வேண்டும். எண்ணெய் மெல்ல வழிந்தால் மட்டம் சரி. 80 டிகிரியில் திறந்து, வழிகிறதே என்று மூடினால் எண்ணெய் குறைவாகவே நிற்கும்.

சீரான வேகத்தில் நடுக்கம் வந்தால் ஆக்சிலரேட்டரை விடாமல் பிரேக்கை லேசாகத் தொடுங்கள். பல வண்டிகளில் என்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் கன்வெர்ட்டர் லாக் (லாக்-அப்) அதில் விடுபடும். நடுக்கம் நின்றால் லாக்-அப் பக்கம் தேடுங்கள். நிற்காவிட்டால் என்ஜினில் எரிபொருள் சரியாக எரியாமல் தவறும் மிஸ்ஃபயர் எண்ணிக்கையைப் பாருங்கள்.

பழுது பார்த்த பிறகுதான் அடாப்டேஷன் ரீசெட், அதாவது கம்ப்யூட்டர் கற்றுவைத்த கியர் மாற்ற அளவுகளை அழிப்பது. வழுக்கும் கிளட்ச்சை ரீசெட் சரிசெய்யாது. எண்ணெய் சூடேறியதும் நிதானமாக ஒவ்வொரு கியரும் ஏறி இறங்கும்படி ஓட்டி, 3-இல் மறுபடி பாருங்கள்: அவுட்புட் 1000-க்கு டர்பைன் 1520 வருகிறதா என்று.