பாம்பின் இரை தெரிந்தால் கடியைத் தவிர்க்கலாம்

பாம்புக்கடியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த இடம், எத்தனை மணி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதைத்தான். கூட வந்தவர்களுக்கு எரிச்சல் வரும். "ஊசியப் போடுங்க டாக்டரே, கதை எதுக்கு?" என்பார்கள். அந்தப் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் பாம்பு அந்த நேரத்தில் அங்கே இருந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அதன் இரைதான். அது தெரிந்தால் எந்தப் பாம்பு என்று ஓரளவு ஊகிக்கலாம். அதைவிட முக்கியம், கடியையே தவிர்க்கலாம்.

பாம்புகள் பல்லி வம்சத்திலிருந்து வந்தவை. மலைப்பாம்பின் கழிவாய்க்கு இரு பக்கமும் பழைய பின்னங்கால்களின் மிச்சம் நகம்போல் இன்றும் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, எந்தெந்த இனம் எதைத் தின்கிறது என்ற பதிவுகளையும் மரபணுக்களையும் சேர்த்துப் பார்த்தது. பல்லிகளைவிடப் பாம்புகள் மூன்று மடங்கு வரை வேகமாகப் பரிணமித்திருக்கின்றன என்றது முடிவு. பல்லிகளில் பெரும்பாலானவை பூச்சியோடு நின்றுவிட, பாம்புகள் எலி, தவளை, மீன், முட்டை, மண்புழு, இன்னொரு பாம்பு என்று எதையும் விடவில்லை. இன்று உலகில் சுமார் 4,000 இனங்கள் உள்ளன.

நஞ்சும் இரைக்காக உருவானதுதான். மீன் முட்டையையே தின்று வாழும் ஒரு கடல்பாம்பு ஆஸ்திரேலியப் பக்கம் இருக்கிறது. முட்டை தப்பி ஓடாது; எனவே காலப்போக்கில் அதன் நச்சுப்பல் சிறுத்து, நஞ்சின் வீரியமும் பெருமளவு போய்விட்டது. நம் குளச்சல், முட்டம் கடலில் வலையில் சிக்குபவை அப்படியல்ல. மீனைப் பிடிப்பவை, கடும் நஞ்சுள்ளவை. நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து கடல்பாம்புக்கானதும் அல்ல. வலையிலிருந்து அவற்றைக் கையால் எடுக்காதீர்கள்.

நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு சாகுபடிப் பருவங்களிலும் நெல் முற்றும்போது எலி பெருகும். எலியைத் தேடி சாரை வரும், நல்லபாம்பு வரும், கண்ணாடி விரியனும் வரும். இருட்டில் வரப்பில் நடக்க டார்ச் அவசியம். வீட்டில் நெல் மூட்டையும் விறகும் சுவரோடு ஒட்டிக் கிடக்க வேண்டாம்.

கட்டுவிரியன் வேறு ரகம். மற்ற பாம்புகளையும் எலி, பல்லிகளையும் தேடி இரவில் நடமாடும். தரையில் தூங்குகிறவர்களைக் கடித்துவிடும். பெரிதாக வலிக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியும்போது வயிற்றுவலி, இமை சரிவது என்று தொடங்கி மூச்சே நின்றுபோகலாம். வாயு என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். கட்டிலில் படுங்கள், முடியாவிட்டால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள்.

மலையோரத் தோட்டங்களில் மண்ணைக் கிளறும்போது வரும் சின்னக் கேடயவால் பாம்புகளையும் அடித்துக் கொல்கிறார்கள். மனசு வலிக்கிறது. மண்புழு தின்னும், நஞ்சில்லாத உயிர்கள் அவை. இந்தியத் தீபகற்பத்தையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை.

எனக்கு அதிகம் கவலை தருவது ரப்பர் தோட்டங்களில் இருக்கும் குழிவிரியன். ஒரு முழ நீளம், சருகு நிறம், மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கும். தவளை, பல்லி, சுண்டெலி கிட்டே வரும்வரை சருகுக்குள் அசையாமல் கிடக்கும். சில நேரம் வால் நுனியைப் புழுப்போல நெளித்து இரையை வரவழைக்கும். அசையாததால்தான் அது யார் கண்ணிலும் படுவதில்லை. பால்வெட்டப் போகிறவரின் ஹெட்லைட் வெட்டுப்பட்டையில் இருக்கும், கால் சருகில் இருக்கும்.

கடித்த இடம் வீங்கும். சிலருக்கு ரத்தம் உறையாமல் போய், சிறுநீரகமும் செயலிழக்கும். நம் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கு மட்டும் தயாராவது. குழிவிரியனுக்குப் பலன் தராது. கேரளத்தில் இதைச் சுருட்டை விரியன் என்று தவறாக நினைத்துச் சிகிச்சை தந்தது 2007-இல் மருத்துவ இதழில் பதிவானது. அதனால்தான் ரப்பர் தோட்டத்தில் கடிபட்டேன் என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை எங்களுக்கு அவ்வளவு முக்கியம். 'சின்னப் பாம்புதானே' என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். சிகிச்சை முடிந்து போன பிறகும் சிறுநீர் குறைந்தால் உடனே திரும்பி வாருங்கள், டயாலிசிஸ் தேவைப்படலாம்.

எந்தப் பாம்பு கடித்தாலும் கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றி, கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு வர வேண்டாம். தள்ளி நின்று போட்டோ எடுக்க முடிந்தால் சரி, முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

தோட்ட முதலாளிகளிடம் ஒன்று கேட்கிறேன். பால்வெட்டுகிறவர்களுக்கு முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள், மரத்தடிச் சருகை ஒதுக்கி வையுங்கள். விடியுமுன் யாரையும் தனியாக உள்ளே அனுப்பாதீர்கள்.