உதடு முந்துகிறது, வசனம் பிந்துகிறது: குறும்படத்தில் ஒலி ஏன் நழுவுகிறது?

விஸ்காம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "ஐந்து பேர் சேர்ந்து குறும்படம் எடுத்தோம். படம் கேமராவில், வசனம் தனியாக ஒரு ரெக்கார்டரில். எடிட்டிங் வேலையை எங்களுக்குள் பிரித்துக்கொண்டோம். மொட்டைமாடியில் வெட்டே இல்லாமல் எட்டு நிமிடம் ஓடும் ஒரு உரையாடல் இருக்கிறது. தொடக்கத்தில் உதடும் குரலும் சரியாகப் பொருந்துகின்றன. போகப் போக விலகி, கடைசியில் வசனம் அரை விநாடி பின்தங்குகிறது. மறுபடி மறுபடி இழுத்து ஒட்டினாலும் ஏதாவது ஒரு முனையில் பிசகுகிறது. எங்கே தப்பு?"

எட்டு நிமிடத்துக்கு அரை விநாடி என்று அளவோடு எழுதியிருக்கிறார். இந்த இரண்டு எண்களும் குற்றவாளியை ஏறக்குறைய காட்டிக்கொடுத்துவிடுகின்றன. அங்கே போவதற்கு முன், தனித்தனியாகப் பதிவான படத்தையும் ஒலியையும் கணினி எப்படி ஒட்டுகிறது என்று பார்த்துவிடலாம். இந்தக் கட்டுரையை நான் ஆசைப்பட்டு எழுதுவதே அந்தப் பகுதிக்காகத்தான்.

அரை விநாடி ஏன் இத்தனை உறுத்துகிறது? நம் ஊரில் வழக்கமான விநாடிக்கு 25 ஃபிரேம் (அடுத்தடுத்து ஓடும் அசையாப் படங்கள்) கணக்கில் ஒரு ஃபிரேமின் ஆயுள் 40 மில்லி விநாடி. அரை விநாடி என்றால் பன்னிரண்டரை ஃபிரேம். ஒளிபரப்புக்காக சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் தந்திருக்கும் அளவின்படி, ஒலி படத்துக்கு முன்னால் 45 மில்லி விநாடி ஓடினாலே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். பின்னால் வந்தால் 125 மில்லி விநாடி வரை தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வுக்கு இயற்கையில் நல்ல காரணம் இருக்கிறது. ஒளி எப்போதும் முதலில் வந்துவிடும், ஒலி மெதுவாகத்தான் வரும். ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவரைப் பார்த்தால், கை இறங்கிய பிறகுதான் சத்தம் கேட்கும். பிந்தி வரும் ஒலி மூளைக்குப் பழக்கம். முந்தி வரும் ஒலியை அது வாழ்நாளில் சந்தித்ததே இல்லை.

சரி, கிளாப். படப்பிடிப்பில் கிளாப் அடிப்பது ஒரு சடங்கு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பூஜையன்று பலகைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பெரிய மனிதர் ஒருவர் அடித்துத் தொடங்கிவைக்கிறார் அல்லவா, அதனால் வந்த எண்ணமாக இருக்கலாம். கிளாப் ஒரு அளவுக் கருவி. பலகைகள் மோதும் ஃபிரேம் கண்ணுக்குத் தெரியும். மோதிய சத்தம் ஒலிப்பதிவில் ஊசி போல நிற்கும். இரண்டையும் ஒரே கோட்டில் வைத்தால் வேலை முடிந்தது. நல்ல நேரம் பார்ப்பதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியைக் கேமராவும் ரெக்கார்டரும் எந்த அமைப்பில் இருக்கின்றன என்று பார்ப்பதற்குக் கொடுத்தால், மாணவர் குறும்படங்களில் பாதிச் சிக்கல் வராது. ராகு காலத்தில் தொடங்கியதால் எந்த டேக்கும் சிங்க் (படமும் ஒலியும் சேர்ந்து ஓடும் பொருத்தம்) இழந்ததில்லை.

கிளாப் அடிக்க மறந்த டேக்குகள் எல்லாப் படத்திலும் இருக்கும். அப்போது டாவின்சி ரிசால்வ், பிரீமியர் போன்ற மென்பொருள்களில் கேமராவின் கிளிப்பையும் ரெக்கார்டரின் கிளிப்பையும் தேர்ந்தெடுத்து, வேவ்ஃபார்ம் (ஒலி அலையின் வடிவம்) வழியாக சிங்க் செய் என்று சொல்கிறோம். சில விநாடிகளில் ஒட்டிக்கொள்கின்றன. கேமராவின் மைக்கில் பதிந்தது காற்றிரைச்சலும் எதிரொலியும் கலந்த மோசமான ஒலி. ரெக்கார்டரில் பதிந்தது சுத்தமான குரல். இரண்டும் ஒரே பேச்சு என்பதை, மொழி தெரியாத கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வெறும் பெருக்கலும் கூட்டலும்தான். டிஜிட்டல் ஒலி என்பது எண்களின் வரிசை. விநாடிக்கு 48,000 எண்கள். மைக்கின் சவ்வு ஒரு பக்கம் போனால் கூட்டல் எண், மறுபக்கம் போனால் கழித்தல் எண். கேமராவின் வரிசை 0, 0, 3, −2, 1, 0, 0 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரெக்கார்டரின் வரிசை 3, −2, 1. சின்ன வரிசையைப் பெரிய வரிசையின் மீது வைத்து, நேருக்கு நேர் இருக்கும் எண்களைப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். பிறகு ஓர் இடம் நகர்த்தி மறுபடி செய்யுங்கள். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் விடைகள் 3, −8, 14, −8, 3 என்று வரும். நடுவில் 14 மட்டும் தனியாக உயர்ந்து நிற்கிறது. அந்த நகர்வில்தான் 3-க்கு நேர் 3, −2-க்கு நேர் −2, 1-க்கு நேர் 1. அதாவது 9, 4, 1.

மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் என்று ஏழாம் வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அந்த விதி இங்கேதான் தன் முழு அழகைக் காட்டுகிறது. சரியாகப் பொருந்தும் இடத்தில் மேடும் மேடும் சேர்கின்றன, பள்ளமும் பள்ளமும் சேர்கின்றன. இரண்டுமே கூட்டல் எண்ணையே தருகின்றன. ஒரு பெருக்கல்கூட எதிர்த்திசையில் இழுப்பதில்லை. பொருந்தாத இடத்தில் மேட்டுக்கு எதிரே பள்ளம் வந்து, கழித்தல் எண்கள் கூட்டுத்தொகையைக் கீழே இழுத்துவிடும். இப்படி நகர்த்திப் பெருக்கிக் கூட்டுவதைக் குறுக்கு ஒட்டுறவு (cross-correlation) என்று சொல்வார்கள்.

இதைவிட அருமையான விஷயம் இரைச்சல் என்ன ஆகிறது என்பது. கேமரா மைக்கில் விழுந்த காற்றின் சத்தம் ரெக்கார்டரின் குரலோடு எந்த உறவும் இல்லாதது. அதனோடு பெருக்கும்போது சில பிளஸ், சில மைனஸ் என்று கண்டபடி வந்து, கூட்டும்போது பெரும்பகுதி அழிந்துபோகிறது. எண்களின் எண்ணிக்கை கூடக் கூட, பொருந்தும் குரலின் கூட்டுத்தொகை அதே விகிதத்தில் வளரும். இரைச்சலின் கூட்டுத்தொகை அந்த எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்குத்தான் வளரும். பத்து விநாடி ஒலியில் 4,80,000 எண்கள். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ வெறும் 693. காதால் கேட்டால் "ஒன்றும் புரியவில்லையே" என்று நாம் தூக்கிப்போடும் ஒலியிலிருந்து கணினி துல்லியமான விடையை எடுப்பது இதனால்தான். ஒலி தரமாக இருக்க வேண்டியதில்லை, போதுமான அளவு நீளமாக இருந்தால் போதும். ரெக்கார்டர் இருக்கிறதே என்று கேமராவின் மைக்கை அணைத்துவிடும் நண்பர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அந்தக் கரகரப்பான ஒலி படத்தில் வரப்போவதில்லை, ஆனால் எடிட்டிங் மேசையில் அது விலைமதிப்பற்றது.

கணக்கின் அளவைப் பாருங்கள். எட்டு நிமிட ஒலியில் 2 கோடியே 30 லட்சம் எண்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் அத்தனையையும் பெருக்க வேண்டுமானால் 5 கோடி கோடிக்கும் மேற்பட்ட பெருக்கல்கள். விநாடிக்கு 100 கோடி பெருக்கல் செய்யும் கணினிக்கும் ஆறு நாள் ஆகும். நடைமுறையில் சில விநாடிகளில் முடிவது வேக ஃபூரியே மாற்றம் என்ற குறுக்குவழியால். இரண்டு ஒலிகளையும் அவற்றின் அதிர்வெண்களாகப் பிரித்து, அங்கே ஒரே ஒரு முறை பெருக்கி, திரும்பக் கொண்டுவந்தால் எல்லா நகர்வுகளின் விடையும் மொத்தமாகக் கிடைத்துவிடும். வேலை சில நூறு கோடிப் பெருக்கல்களாகச் சுருங்குகிறது.

இந்த முறையை 1965-ல் வெளியிட்டவர்கள் ஜேம்ஸ் கூலி, ஜான் டூக்கி. சோவியத் ஒன்றியம் நிலத்தடியில் அணுகுண்டு சோதிக்கிறதா என்பதை நில அதிர்வுப் பதிவுகளிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்ற தேவை அதன் பின்னணியில் இருந்தது. அதற்கும் 160 ஆண்டுகளுக்கு முன்பே, 1805 வாக்கில், பல்லாஸ், ஜூனோ என்ற சிறுகோள்களின் பாதையைக் கணக்கிடும்போது கணித மேதை காஸ் இதே வழியைக் கண்டிருந்தார். அவர் இறந்த பிறகு 1866-ல்தான் அது அச்சேறியது. சிறுகோளின் பாதை தெரிந்து யாருக்கு என்ன லாபம் என்று அன்று கேட்டிருக்கலாம். ஈர்ப்பலை ஆய்வுக்கு எதற்கு இத்தனை பணம் என்று இன்று கேட்கிறார்கள். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவில் 3,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு லைகோ கருவிகள் (ஈர்ப்பலையை உணரும் கருவிகள்) ஒரே அலையை ஏறத்தாழ 7 மில்லி விநாடி இடைவெளியில் உணர்ந்தன. இரைச்சலுக்குள் புதைந்த அந்த அலையைத் தேடி எடுப்பதிலும் நகர்த்து, பெருக்கு, கூட்டு என்ற இதே யோசனை இருக்கிறது. மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் அமையும் இந்திய லைகோவுக்கு 2023-ல் மத்திய அரசு 2,600 கோடி ரூபாய் ஒதுக்கியதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் 2020-21 கணக்குப்படி நம் நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான். பயன் என்ன என்று முதல் நாளே கேட்காமல் கொடுக்கும் பணம் இன்னும் பல மடங்கு கூட வேண்டும்.

இந்த முறை தடுமாறும் இடங்களும் உண்டு. மின்சார ரீங்காரம் 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை அதே வடிவத்தில் திரும்புவது. பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம் குரலை அமுக்கிவிட்டால், கூட்டுத்தொகையில் ஒரே ஒரு உச்சி இருக்காது, வரிசையாகப் பல உச்சிகள் முளைக்கும். கணினி தவறானதைப் பிடித்துக்கொள்ளும். கிளாப்பின் அருமை இங்கேதான் தெரிகிறது. அந்தத் திடீர் ஒலி திரும்ப வருவதில்லை, அதனால் உச்சி ஒன்றே ஒன்றாக, கூர்மையாக வரும்.

தூரமும் கணக்கில் வரும். 30 டிகிரி வெயிலில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகும். கேமரா 14 மீட்டர் தள்ளி நின்றால் அதன் மைக்குக்குக் குரல் போய்ச் சேர 40 மில்லி விநாடி, அதாவது சரியாக ஒரு ஃபிரேம் ஆகும். சட்டையில் குத்திய மைக்குக்கு அந்தத் தாமதம் இல்லை. கணினி இரண்டையும் பிசகாமல் பொருத்தினாலும் வசனம் உதட்டுக்கு ஒரு ஃபிரேம் பின்தங்கியே நிற்கும். தூர ஷாட்டுகளில் சிங்க் செய்தபின் கண்ணால் பார்த்து ஒரு ஃபிரேம் முன்னால் தள்ளுவது நல்ல பழக்கம்.

இனி மாணவியின் எட்டு நிமிடத்துக்கு வருவோம். தொடக்கம் பொருந்தி முடிவு விலகுகிறது என்றால் இரண்டு பதிவுகளின் நேரமும் வேறு வேகத்தில் ஓடுகிறது. முதல் சந்தேகம் கருவிகளுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகங்களின் மீது விழும். பத்து லட்சத்தில் இருபது பங்கு வித்தியாசம் சாதாரணமாக இருக்கக்கூடியது. எட்டு நிமிடத்தில் அது 10 மில்லி விநாடிகூட ஆகாது, கால் ஃபிரேம்தான். ஒரு மணி நேரக் கச்சேரியைப் பதிவு செய்தால் கவலைப்படலாம், இங்கே வேண்டாம்.

480 விநாடிக்கு அரை விநாடி என்பது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று. எடிட்டிங்கில் இந்த விகிதத்தைப் பார்த்ததும் 29.97 என்ற எண் நினைவுக்கு வர வேண்டும். 1953-ல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது, வண்ண சிக்னலும் ஒலி சிக்னலும் மோதாமல் இருக்க 30 ஃபிரேமை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். அந்த எச்சம் இன்றும் கேமராக்களில் இருக்கிறது. பல கேமராக்கள் திரையில் 30 என்று காட்டிவிட்டு 29.97-ல்தான் பதிவு செய்கின்றன. உங்களில் ஒருவர் கிளிப்பின் குணங்களில் அதை 30 என்று மாற்றியிருக்கலாம், அல்லது 30 என்று கருதி வேறு ஃபைலாக மாற்றித் தந்திருக்கலாம். 480 விநாடிப் படம் 479.52 விநாடியில் ஓடி முடிந்துவிடும். உதடு முந்தும், வசனம் 0.48 விநாடி பிந்தும். நீங்கள் சொன்ன அதே அரை விநாடி, அதே திசை. கேமராவின் சொந்த ஒலியும் படத்தோடு சேர்ந்து வேகமாக ஓடியிருக்கும். அந்தச் சுருதி மாற்றம் காதுக்குப் பிடிபடாது, அதனால் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

கிளிப்பை 29.97-க்கே திருப்பிவிடுங்கள். முடியாவிட்டால் ரெக்கார்டரின் ஒலியை 100.1 சதவீத வேகத்தில் ஓட்டுங்கள், பொருந்தும். விலகல் சீராகக் கூடாமல் நடுவில் கூடிக் குறைந்து அலைந்தால் காரணம் வேறு: அந்தப் பகுதியை யாரோ போனில் எடுத்திருக்கிறார்கள். வெளிச்சம் குறைந்தால் போன் ஃபிரேம் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எடிட்டிங் தொடங்கும் முன்பே ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்த மாற்றத்தை ஒரே ஆள் செய்து எல்லோருக்கும் கொடுப்பது முக்கியம். புராஜெக்ட் ஃபைலுக்குள் படம் இல்லை. எந்தப் பெயருள்ள ஃபைல், எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை என்ற குறிப்புதான் இருக்கிறது. ஒருவர் மூல ஃபைலையும் இன்னொருவர் வாட்ஸ்அப்பில் சுருங்கி, பெயரும் மாறி வந்த ஃபைலையும் வைத்துக்கொண்டால் குறிப்பு ஒன்றாகவும் பொருள் வேறாகவும் போய்விடும். ஒரே ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பிரதி எடுத்து, பெயரைத் தொடாமல், ஐந்து பேரும் ஒரே ஃபிரேம் வேகத்தில் டைம்லைன் (கிளிப்களை வெட்டி அடுக்கும் வரிசை) திறந்து தொடங்குங்கள்.

அப்புறம், வெட்டி முடித்துப் படத்தை மிக்ஸிங் செய்யும் நண்பரிடம் கொடுக்கும்போது, முதல் ஃபிரேமுக்குச் சரியாக இரண்டு விநாடி முன்னால் ஒரு ஃபிரேம் நீளத்துக்கு 1,000 ஹெர்ட்ஸ் 'பீப்' ஒன்றை வையுங்கள். அதே ஃபிரேமில் திரையில் 2 என்ற எண் தெரியட்டும். படத்தின் கடைசி ஃபிரேமுக்கு இரண்டு விநாடி பின்னால் இன்னொரு பீப். அவர் திருப்பித் தரும் ஒலியில் இரண்டு பீப்களும் தத்தம் ஃபிரேமில் விழுந்தால் இடையில் எங்கும் வேகம் மாறவில்லை. முதலாவது பொருந்தி இரண்டாவது விலகினால், அவருடைய டைம்லைன் எந்த ஃபிரேம் வேகத்தில் இருக்கிறது என்று போன் செய்து கேளுங்கள்.