மாடு ஏன் பாலை அடக்கிக்கொள்கிறது?

"செத்துப்போன கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து முன்னால் நிறுத்தினால், மாடு நக்கிக்கொடுத்துப் பால் விடுகிறது. அவ்வளவு ஏமாளியா அது?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். ஏமாளித்தனம் இல்லை. பால் விடுவதை மாடு யோசித்து முடிவு செய்வதே கிடையாது. அந்த வேலை ஒரு ஹார்மோனுடையது.

நாளமில்லாச் சுரப்பிகள் ஹார்மோனை நேரே இரத்தத்தில் விடும், அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி உள்ள செல் மட்டும் அதற்குப் பணியும் என்பதெல்லாம் பத்தாம் வகுப்பில் படித்ததுதான். இங்கே வேலை செய்வது ஆக்சிடோசின். வெறும் ஒன்பது அமினோ அமிலங்கள். 1953-இல் இதை ஆய்வகத்திலேயே செய்து காட்டிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

மடியில் பால் ஒரே தொட்டியாகத் தேங்கி நிற்பதில்லை. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, திராட்சைக் குலை போன்ற நுண்ணறைகளுக்குள் இருக்கும். எவ்வளவு இழுத்துக் கறந்தாலும் அது வராது. ஒவ்வொரு அறையையும் சுற்றித் தசை போலச் சுருங்கும் செல்கள் பின்னிக் கிடக்கின்றன. அவை இறுகினால்தான் பால் காம்புக்கு இறங்கும். கன்று முட்டும்போது, காம்பைக் கழுவித் தடவும்போது, சில மாடுகளுக்குப் பால் வாளியின் சத்தம் கேட்டாலே, மூளையின் ஹைபோதாலமஸ் தூண்டப்பட்டு, அதன் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து ஆக்சிடோசின் இரத்தத்தில் கலக்கிறது. தடவத் தொடங்கிச் சுமார் ஒரு நிமிடத்தில் மடி விம்மும். கன்றின் வாசனையும் அந்தத் தூண்டலில் சேர்த்தி. வாசகர் சொன்ன தோல் கன்று செய்வது அதைத்தான்.

நரம்பே நேராக மடியை இறுக்கவில்லை, இரத்தத்தில்தான் ஏதோ வருகிறது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் எனக்குப் பிடித்த சோதனை வருகிறது. 1941-இல் அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்ற இருவர், மாட்டு மடியின் ஒரு பாதிக்குப் போகும் நரம்புகளை வெட்டிவிட்டார்கள். மாட்டைத் தூண்டியபோது, நரம்பு அறுந்த பாதியும் மற்றதைப் போலவே பால் விட்டது!

அதோடு விடவில்லை. கறக்கும் நேரத்தில் மாட்டின் முதுகில் ஒரு பூனையை வைத்து, பத்து நொடிக்கு ஒருமுறை காகிதப் பையை ஊதி உடைத்தார்கள். பால் நின்றுபோனது. பிறகு, பூனை தேவையில்லை, பை வெடிப்பதே போதும் என்று கண்டார்கள். பயமுறுத்தாமல், பயத்தில் சுரக்கும் ஹார்மோனான அட்ரினலினை ஊசியாகப் போட்டபோதும் பால் வரவில்லை. அட்ரினலின் மடியின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும்; ஆக்சிடோசின் வந்து சேர வழி குறுகிப்போகும். பயம் கூடினால் மூளை ஆக்சிடோசினை விடுவதே குறைந்துவிடும். பூனைக்கும் காகிதப் பைக்கும் இன்று நிதி கேட்டால் எந்தக் குழு கொடுக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

புது ஆள் தொழுவத்துக்கு வந்த அன்று மாடு பாலை அடக்கிக்கொண்டால், "கண் பட்டுவிட்டது" என்று மிளகாய் சுற்றிப் போடுவார்கள் நம் ஊரில். கவனித்தது சரி, காரணம்தான் தவறு. வந்தவர் கண்ணில் ஒன்றுமில்லை; மாடு மிரண்டிருக்கிறது, அவ்வளவே. பழகிய ஆள் வந்து, அதட்டாமல் மடியைத் தடவிக்கொடுத்தால் போதும். சுரப்பு விட்டதும் சளைக்காமல் கறந்துவிட வேண்டும், ஆக்சிடோசின் இரத்தத்தில் சில நிமிடங்களே தாங்கும்.

அந்தப் பொறுமை இல்லாதவர்கள்தான் வேளை தவறாமல் ஆக்சிடோசின் ஊசி குத்துகிறார்கள். அந்தப் பாலைக் குடித்தால் பெண் குழந்தைகள் சீக்கிரம் பெரியவளாகிவிடுவார்கள் என்ற பேச்சை நான் நம்பவில்லை; ஆக்சிடோசின் சின்னப் புரதத் துணுக்கு, குடலில் செரித்துவிடும். கெடுதல் மாட்டுக்குத்தான். தொடர்ந்து குத்தினால் ஊசியில்லாமல் சுரப்பு விடுவதே குறைந்துபோகிறது. இதைத் தடுக்கவென்று 2018-இல் மத்திய அரசு, தனியார் நிறுவனங்கள் உள்நாட்டுத் தேவைக்கு ஆக்சிடோசின் தயாரிக்கக் கூடாது என்றது. பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கை நிறுத்தத் தாய்மார்களுக்குப் போடுவதும் இதே மருந்து. அந்த டிசம்பரிலேயே தில்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. அதுதான் சரி என்பேன். தொழுவத்தில் நடக்கும் தப்புக்குப் பிரசவ அறையில் மருந்தைக் குறைக்க முடியாது.