ரெட்யூசர் மாட்டினால் வெளிச்சம் கூடுமா?

வானியல் ஒளிப்படம் பழகுகிறவர்கள் எனக்கு அனுப்பும் படங்களில் அடிக்கடி ஒரே குறையைப் பார்க்கிறேன். நடுவில் விண்மீன்கள் அழகான புள்ளிகளாக இருக்கும், மூலைகளில் மட்டும் வால் முளைத்திருக்கும். "லென்ஸ் மோசமா சார்?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் லென்ஸ் நன்றாகத்தான் இருக்கும். தொலைநோக்கியின் குவியத் தொலைவைக் குறைக்க அதன் பின்னால் மாட்டும் லென்ஸ் தொகுதிக்கு ஃபோக்கல் ரெட்யூசர் என்று பெயர். அதற்கும் கேமரா சென்சாருக்கும் நடுவே உள்ள தூரம்தான் தப்பியிருக்கும்.

ரெட்யூசர் என்ன செய்கிறது என்பதிலேயே ஒரு குழப்பம் உண்டு. 80 மி.மீ. விட்டம், 480 மி.மீ. குவியத் தொலைவு கொண்ட ரிஃப்ராக்டரை (லென்ஸ் வகைத் தொலைநோக்கி) எடுத்துக்கொள்வோம். குவியத் தொலைவை விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண், இது எஃப் 6. இதில் 0.8 மடங்கு ரெட்யூசரை மாட்டினால் குவியத் தொலைவு 384 மி.மீ. ஆகிறது, எஃப் எண் 4.8 ஆகிறது. முகப்பு லென்ஸ் அதே 80 மி.மீ.தான், ஆகவே நெபுலாவிலிருந்து வரும் ஒளி ஒரு துளியும் கூடவில்லை. வந்த ஒளி சிறிய பரப்பில் நெருங்கி விழுகிறது, அவ்வளவுதான். அதனால் ஒரு பிக்சலுக்கு 10 நிமிடத்தில் கிடைத்த ஒளி ஏறக்குறைய ஆறரை நிமிடத்தில் கிடைத்துவிடும். பதிலுக்கு நுணுக்கத்தைக் கொஞ்சம் இழக்கிறோம்: 3.76 மைக்ரான் பிக்சல் ஒன்று வானில் 1.6 ஆர்க் விநாடியை (ஒரு ஆர்க் விநாடி என்பது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) அடக்கியது, இனி 2 ஆர்க் விநாடியை அடக்கும்.

என்னைக் கேட்டால், வேகத்தைவிடப் பரப்புதான் பெரிய லாபம். ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 2.8 டிகிரி அகலமாக இருந்த காட்சி 3.5 டிகிரியாக விரியும். சுமார் 3 டிகிரி நீளமுள்ள ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் அப்போதுதான் முழுசாக அடங்கும்.

இனி அந்தத் தூரம். பல ரெட்யூசர்கள் தமக்குப் பின்னால் சென்சார் வரை 55 மி.மீ. இடைவெளி வேண்டும் என்று வடிவமைக்கப்பட்டவை. எல்லாமே அப்படி இல்லை என்பதால் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். கேனான் டிஎஸ்எல்ஆரில் சென்சார் 44 மி.மீ. உள்ளே இருக்கிறது, கேமராவை இணைக்கும் வளையமான டி-ரிங் 11 மி.மீ., கணக்கு நேராகிவிடும். வானியல் கேமராக்களில் சென்சாரின் ஆழம் 17.5 அல்லது 6.5 மி.மீ. என்று மாடலுக்கு மாடல் மாறும், மீதியை ஸ்பேசர் (இடைவெளி வளையம்) போட்டு நிரப்ப வேண்டும். திருகு மரையின் நீளத்தைச் சேர்க்காமல், அதன் அடித்தோளிலிருந்து அளக்க வேண்டும். வழியில் ஃபில்டர் இருந்தால் அதன் கண்ணாடித் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். 2 மி.மீ. ஃபில்டருக்கு 0.7 மி.மீ. என்பது சின்ன எண்ணாகத் தோன்றும், ஆனால் மூலை விண்மீன்கள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எந்தப் பக்கம் தப்பியது? பெரும்பாலான வடிவமைப்புகளில், நான்கு மூலை விண்மீன்களும் மையத்தை நோக்கி நீண்டிருந்தால் சென்சார் பக்கத்தில் வந்துவிட்டது. மையத்தைச் சுற்றி வில்லாக வளைந்தால் தள்ளிப் போய்விட்டது. ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால் ஸ்பேசரை நோண்டாதீர்கள், அது சாய்வு. ஃபோகஸர் தொய்கிறதா, அடாப்டர் கோணலாக இறுகியிருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்குமுன் இன்னும் சில. ஷ்மிட்-காசெக்ரெய்ன் என்ற கண்ணாடி வகைத் தொலைநோக்கிக்கான 0.63 ரெட்யூசர் திருகு மரையில் பொருந்துகிறது என்பதற்காக ரிஃப்ராக்டரில் மாட்டக் கூடாது. அது திருத்துவது வேறு வளைவை. பெட்ஸ்வல் வகை ரிஃப்ராக்டரின் காட்சிப் புலம் ஏற்கெனவே தட்டை, அதற்கென்றே செய்த ரெட்யூசர் இல்லாமல் வேறு எதையும் போடாதீர்கள். ரெட்யூசர் ஒளிவட்டத்தையும் சுருக்குவதால், 43 மி.மீ. மூலைவிட்டமுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரில் ஓரங்கள் இருளலாம். ஃபிளாட் படங்களை (ஓர இருளைக் கழிக்க, சீரான வெளிச்சத்தில் எடுப்பவை) ரெட்யூசருடன், அதே ஃபோகஸில் எடுத்தால் ஓரளவு சரியாகும். கேமராவைத் திருப்பினால் ஃபிளாட்டும் புதிதாக வேண்டும்.

ஃபோகஸும் முன்பைவிடக் கறாராகும். சரியாகக் குவியும் இடைவெளி எஃப் எண்ணின் வர்க்கத்தில் குறைவதால், எஃப் 6-இல் இருந்ததில் 64 சதவீதம்தான் மிஞ்சும். இரவு குளிரக் குளிர குழாய் சுருங்கும், ஃபோகஸைச் சரிபார்க்க உதவும் பாஹ்டினோவ் மாஸ்க்கை அவ்வப்போது மாட்டிப் பாருங்கள். நுணுக்கம் தேவைப்படும் வியாழனையோ சிறிய கோள்வடிவ நெபுலாவையோ எடுக்கும் இரவில் ரெட்யூசரைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.